இறக்கி வெச்ச பழைய காரை வாங்கிட்டீங்களா? சஸ்பென்ஷனை பழையபடி ஆக்குறது எப்படி

பார்க்க கும்முன்னு இருக்குன்னு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன், உயரத்தைக் குறைச்சு "இறக்கி" வெச்ச கார், ஃபெண்டருக்கும் (டயருக்கு மேல வளைஞ்சிருக்குற பாடி ஓரம்) டயருக்கும் நடுவுல ஒரு விரல்தான் போகும். ஓட்டிப் பார்த்தது பத்து நிமிஷம், அதுவும் நல்ல ரோட்ல, ஒண்ணுமே தெரியல. வீட்டுக்கு வந்த முதல் வாரத்துலயே சின்ன பள்ளத்துக்கெல்லாம் முதுகுத்தண்டு வரைக்கும் அடி. பின்சீட்ல உக்காந்த அம்மா "இதுக்கு நான் நடந்தே வந்திருப்பேன்"னு சொல்லிட்டாங்க.

சரி, பழைய உயரத்துக்கே கொண்டு வந்துடலாம்னு இறங்கினா, ஒரே தடவைல முடிய வேண்டிய வேலைக்கு மூணு தடவை கழட்டி மாட்டினேன். முதல் தடவை ஸ்பிரிங் மட்டும் மாத்தினேன், கார் படகு மாதிரி ஆடுச்சு. ரெண்டாவது தடவை ஷாக் (ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்குற ஷாக் அப்சார்பர்) மாத்தினேன், ஆட்டம் நின்னுச்சு, ஆனா ஸ்டியரிங் திருப்பினா டொக் டொக்னு சத்தம், ரைடும் இன்னும் விறைப்பு. மூணாவது தடவைதான் மிச்சம் எல்லாம். நீங்க அந்தக் கூலியை மூணு தடவை குடுக்க வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

1. எப்படி இறக்கியிருக்காங்கன்னு முதல்ல பாருங்க

பார்ட் எதுவும் ஆர்டர் பண்ணாதீங்க. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு வெச்சுட்டு டார்ச் அடிச்சு வீல் ஆர்ச் உள்ள பாருங்க. நாலு விதமா இருக்கலாம்.

ஸ்பிரிங்கை வெட்டியிருக்கலாம். கம்பெனி ஸ்பிரிங்கோட முனை சீரா முடிஞ்சிருக்கும், பெயிண்டும் முனை வரைக்கும் இருக்கும். வெட்டினதுல கடைசி சுத்து திடீர்னு அறுந்த மாதிரி நிக்கும், கிரைண்டர் கோடு தெரியும், அந்த இடம் மட்டும் துரு. என் கார்ல இதுதான். வெட்டினா உயரம் மட்டும் குறையாதுங்க, ஸ்பிரிங் விறைப்பாவும் ஆயிடும். வேலை செய்யுற சுத்து 6 இருந்ததுல 1 வெட்டினா மிச்ச 5 சுத்து அதே எடையைத் தாங்கணும், விறைப்பு 20 சதவீதம் ஏறிடும். போதாததுக்கு வண்டி ஜாக்கில ஏறும்போது ஸ்பிரிங் லூசாகி இருக்கையை விட்டு நகர்ந்துடும். இது ரைடு பிரச்சனை மட்டும் இல்ல, ஆபத்து.

ரெண்டாவது, லோயரிங் ஸ்பிரிங். பளிச்னு ஒரு கலர்ல இருக்கும், மேல ஏதாவது பிராண்ட் பேர் அச்சடிச்சிருப்பாங்க. ஷாக் பெரும்பாலும் கம்பெனியோடதே இருக்கும், ஆனா அது இத்தனை நாள் தப்பான இடத்துல வேலை செஞ்சு களைச்சுப் போயிருக்கும்.

மூணாவது, காயில்ஓவர். ஷாக் உடம்பு மேல மரை போட்டிருக்கும், ஸ்பிரிங் கீழ் தட்டை திருகி ஏத்தி இறக்கலாம். உடனே "அப்போ திருகி ஏத்திட்டா போச்சே"ன்னு தோணும். கொஞ்சம் ஏத்தலாம், தப்பில்ல, ஆனா அந்த ஸ்பிரிங் விறைப்பு அப்படியேதான் இருக்கும். உயரம் வரும், சொகுசு வராது. சில மாடல்ல எல்லைக்கு மேல ஏத்தினா, வீல் கீழ இறங்குறதுக்கு இடம் இல்லாம டங்குன்னு அடிக்கும்.

நாலாவது, பின்னாடி பட்டை ஸ்பிரிங் இருக்குற வண்டில ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு கட்டை வெச்சிருப்பாங்க, இல்ல பட்டையோட வளைவையே நிமித்தியிருப்பாங்க. கட்டைன்னா எடுக்குறது சுலபம், ஆனா யூ போல்ட்டு புதுசா சரியான நீளத்துல வாங்கணும்.

இது போக பம்ப் ஸ்டாப்பையும் பாருங்க. ஷாக்கோட ராடு மேல தொப்பி மாதிரி மாட்டியிருக்குற ஃபோம் துண்டு அது. இறக்கினவங்க அதையும் கத்தியால பாதி வெட்டியிருப்பாங்க. என்னோடதுல தொட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு. இறக்கின கார் "தூக்கித் தூக்கிப் போடுது"ன்னு சொல்றோமே, பாதி நேரம் அது ஸ்பிரிங் இல்ல, வண்டி இந்த ஃபோம் மேலயே உக்காந்து ஓடுறதுதான்.

சந்தேகமா இருந்தா ஒரு சின்ன வேலை: டஸ்ட் பூட்டை (ராடை மூடியிருக்குற ரப்பர் உறை) மேல தள்ளிட்டு, ஷாக் ராடுல ஒரு கேபிள் டையை லேசா இறுக்கிக் கட்டி கீழ தள்ளி விடுங்க, வழக்கமான ரோட்ல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து பாருங்க. டை மேல பம்ப் ஸ்டாப் வரைக்கும் போயிருந்தா பாட்டம் அடிக்குதுன்னு அர்த்தம். மெக்கானிக்கிட்ட வாய்ல சொல்றதை விட இதைக் காட்டுறது நல்லது.

2. அளவெடுத்து எழுதி வைங்க

எல்லாரும் தரையிலேருந்து ஃபெண்டர் வரைக்கும் அளப்பாங்க. அது வேண்டாம், டயர் சைஸ் மாறியிருந்தா அந்தக் கணக்கு பொய்யாயிடும். வீல் நடு மையத்துலேருந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளங்க. சமதளத்துல நிறுத்தி, டயர்ல காத்து சரியா அடிச்சு, உள்ள யாரும் உக்காராம, டிக்கி காலியா, பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு குறிச்சு, நாலு வீலும்.

எனக்கு முன்னாடி 335 மில்லிமீட்டர், பின்னாடி 350. சர்வீஸ் மேனுவல்ல என் மாடலுக்கு 375, 380. அதாவது முன்னாடி 40 இறங்கியிருக்கு, பின்னாடி 30. மேனுவல் கிடைக்கலன்னா இறக்காத அதே மாடல் கார் எங்கயாவது நின்னா ஓனர்கிட்ட கேட்டு அளந்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. இந்த நாலு நம்பரும் 7ஆவது படில மறுபடி வேணும், தொலைச்சுடாதீங்க.

3. காகிதங்கள்

இதை நான் அலட்சியமா விட்டேன், நீங்க விடாதீங்க.

சேசிஸ் நம்பர் முதல்ல. ஒரே மாடல்லயே இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி, எந்த வேரியண்ட்ங்கிறதைப் பொறுத்து ஸ்பிரிங் மாறும், சில வண்டில இடது வலதுக்கே வேற வேற. "இந்த மாடல், இந்த வருஷம்"னு மட்டும் சொல்லி வாங்கினா மூக்கு தூக்கிட்டு நிக்குற கார்தான் கிடைக்கும். சேசிஸ் நம்பர் குடுத்து பார்ட் நம்பர் எடுங்க, அதை எழுத்துல வாங்குங்க. ஸ்பிரிங் மேல இருக்குற கலர் புள்ளியும் இதுக்குத்தான், வந்ததும் அதை வெச்சு சரிபாருங்க.

வித்தவர்கிட்ட மூணு கேள்வி: கழட்டின ஒரிஜினல் பார்ட் இன்னும் இருக்கா, இறக்கினதுக்கு பில் இருக்கா, வண்டி பேப்பர்லயோ இன்சூரன்ஸ்லயோ இந்த மாற்றத்தை எழுதியிருக்கா. முதல் கேள்விக்கு ஆமான்னா லாட்டரி. நிறைய பேர் வீட்டு மூலைல அப்படியே போட்டு வெச்சிருப்பாங்க. நான் கேட்கவே இல்ல, ஸ்பிரிங் வாங்கின அப்புறம்தான் போன் பண்ணினேன், "போன மாசம்தான் தூக்கிப் போட்டேன்"னாரு. மூணாவது கேள்விக்கு ஆமான்னா, வேலை முடிஞ்சதும் அந்தப் பதிவையும் மாத்தணும். இல்லன்னா வண்டி ஒண்ணு, காகிதம் ஒண்ணுன்னு ஆயிடும், க்ளெய்ம் பண்ற நாள்ல அது உங்க தலைவலி.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு அலைன்மெண்ட் ஷீட் (வீல் கோணங்களை அளந்து தர்ற காகிதம்), முடிஞ்ச அப்புறம் ஒண்ணு, ரெண்டையும் பில்லோட சேத்து வைங்க. நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்குறவருக்கு இதுதான் சாட்சி.

4. எதெல்லாம் சேத்து வாங்கணும்

ஸ்பிரிங் மட்டும் மாத்தினா போதும்னு சொல்ற மெக்கானிக் நிறைய பேர் இருக்காங்க. எனக்கும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஷாக் ஏற்கனவே செத்துப் போயிருந்தது, ஒரிஜினல் ஸ்பிரிங் மென்மையா இருக்குறதால அது ஆடுறதைப் பிடிச்சு நிறுத்த ஆளில்ல. அரைக்கிணறு தாண்டின கதைதான்.

இதெல்லாம் ஒரே செட்டா வாங்குங்க: நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், முன்னாடி ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட், அதை மேல பாடியோட பிடிக்கிறது மவுண்ட்) அதோட பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட், ஸ்பிரிங் மேலயும் கீழயும் உக்காரும் ரப்பர் இருக்கை, அப்புறம் ஒரு தடவைதான் பயன்படுத்தணும்னு மேனுவல்ல போட்டிருக்குற நட்டு போல்ட்டு எல்லாம். ஸ்டியரிங் திருப்பும்போது டொக் டொக்னு வந்துச்சுன்னேனே, அது பழைய ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்தான்.

லிங்க் ராடை தனியா பாருங்க. இறக்கினவங்க ஆன்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற கம்பி) லிங்க்கை குட்டையா போட்டிருப்பாங்க, உயரம் ஏறினதும் அது எட்டாம இழுக்கும். அதே மாதிரி பின்னாடி அட்ஜஸ்ட் பண்ற கேம்பர் (வீலோட உள், வெளி சாய்வு) ஆர்ம், முன்னாடி கேம்பர் போல்ட்டு போட்டிருந்தாலும் கழட்டி ஒரிஜினலுக்குப் போங்க. லோயர் ஆர்ம் (வீலைப் பிடிச்சிருக்குற கீழ் கை) புஷ்ஷும், அதாவது அதோட மூட்டு ரப்பரும், பால் ஜாயிண்டும் கம்பி வெச்சு நெம்பிப் பாருங்க, ரப்பர் கிழிஞ்சிருந்தா இதே சூட்டுல மாத்திடுங்க. டிரைவ் ஷாஃப்ட் பூட்டுல விரிசல் இருக்கான்னும் பாருங்க.

பெரிய பொறி ஒண்ணு. லோயரிங் கிட் கூட வர்ற ஷாக் குட்டையா இருக்கும், அதுல கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டினா ஸ்பிரிங் நீளத்துக்கு ராடு நீளாது. பழசு நல்லாத்தானே இருக்குன்னு அதை வெச்சுக்காதீங்க.

எலக்ட்ரானிக் ஷாக் இருக்குற மாடல்ல, இறக்கினவர் எச்சரிக்கை விளக்கு எரியாம இருக்க ஒரு டம்மி பிளக் சொருகியிருப்பார். அதை எடுத்துட்டு ஒரிஜினல் எலக்ட்ரானிக் ஷாக்கே போடணும், அது விலை கூட, முன்னாடியே கணக்குல வைங்க.

5. செலவு எங்க போகுது

பெரிய தொகை ஷாக்குக்குத்தான் போகும், அடுத்து கூலி, அதுக்கப்புறம் ஸ்பிரிங். மவுண்ட், பம்ப் ஸ்டாப், ரப்பர் எல்லாம் இதுக்கு முன்னாடி சில்லறை. ஆனா அந்தச் சில்லறையை மிச்சம் பிடிச்சா, மறுபடி கழட்ட முழுக்கூலி. முன்னாடி ஸ்ட்ரட் இருக்குற கார்ல ஸ்பிரிங்கை எடுக்கவே ஷாக்கையும் சேத்துதான் வெளிய எடுக்கணும், கூலி ஒண்ணுதான்.

காசு குறைக்கணும்னா ஒரு நல்ல வழி இருக்கு. புது காரை வாங்கின கையோட இறக்குறவங்க கழட்டின ஒரிஜினல் செட்டை விப்பாங்க, அதிகம் ஓடாதது, புதுசுல பாதி விலைக்குக் கூட கிடைக்கும். பார்ட் நம்பர் பொருந்துதான்னு பாருங்க, எத்தனை கிலோமீட்டர் ஓடினதுன்னு கேளுங்க. ஸ்பிரிங்ல பெயிண்ட் உரிஞ்சு துரு குழி விழுந்திருந்தா வேண்டாம். ஷாக்கை நிமித்தி வெச்சு ராடை அமுக்கிப் பாருங்க, நடுவுல எங்கயாவது பிடிப்பே இல்லாம பொசுக்குனு போனாலோ, சீல்கிட்ட எண்ணெய் வழிஞ்சிருந்தாலோ விட்டுடுங்க. ஸ்பிரிங்கை பழசு வாங்கலாம், ஷாக்கை முடிஞ்சா புதுசு வாங்குங்கங்கிறது என் கணக்கு. எதுவா இருந்தாலும் ஜோடியா, இடதும் வலதும் ஒரே மாதிரி.

கொட்டேஷன் கேட்கும்போது பார்ட், கூலி, அலைன்மெண்ட் மூணும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. துருப்பிடிச்ச போல்ட்டு உடைஞ்சா யார் செலவுன்னும் அப்பவே கேட்டுடுங்க. கிணறு வெட்ட பூதம் கிளம்புறது இந்த இடத்துலதான்.

6. கழட்டி மாட்டுற நாள்

மெக்கானிக்கிட்ட விடுறதா இருந்தா நாலு மூலைக்கும் ஒரு முழு நாள்னு வெச்சுக்குங்க. நீங்களே முதல் தடவை செய்யுறீங்கன்னா ரெண்டு நாள் லீவு, அவசரம் இல்லாத ரெண்டு நாள். முந்தின நாள் ராத்திரியே எல்லா போல்ட்டுலயும் துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு விடுங்க.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடில கை விடாதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம். முன்பக்கம் ரெண்டு வீலையும் ஒண்ணா தூக்குங்க, ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஆன்டி ரோல் பார் முறுக்கிட்டு லிங்க் கழட்டவே விடாது. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்லேருந்து கிளிப் எடுத்து விடுங்க, காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாதீங்க. ஸ்ட்ரட்டை எடுத்ததும் வீல் ஹப் வெளிப்பக்கமா சாயும், அப்படியே விட்டா டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயிண்ட் பிடுங்கிக்கும், ஒரு கயிறு போட்டுக் கட்டி வைங்க.

இப்போ கொஞ்சம் பயப்பட வேண்டிய இடம். வெட்டின ஸ்பிரிங் லூசா இருக்குறதால ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஸர் இல்லாமலே கழண்டு கைக்கு வந்துடும், எனக்கும் வந்துச்சு, "அட இவ்வளவுதானா"ன்னு நினைச்சேன். புது ஸ்பிரிங்கை ஷாக் மேல வெச்சுப் பார்த்தா ராடோட மரை ஸ்பிரிங்குக்குள்ளயே ஒளிஞ்சு நிக்குது, நட்டு போட வழியே இல்ல. ஒரிஜினல் நீளம், அதை அமுக்கித்தான் ஆகணும். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் நல்லதா வாங்குங்க, இல்ல வாடகைக்கு எடுங்க, ரெண்டு கொக்கியையும் நேர் எதிர் எதிரா மாட்டி, இந்தப் பக்கம் ரெண்டு சுத்து அந்தப் பக்கம் ரெண்டு சுத்துன்னு மாத்தி மாத்தி கையால இறுக்குங்க. இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் தெறிச்சா போற திசைல உங்க முகம் இருக்கக் கூடாது. இதுக்கு பயமா இருந்தா ஸ்ட்ரட்டையும் ஸ்பிரிங்கையும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிட்டுப் போய் மாட்டி மட்டும் வாங்கிக்கலாம், சின்னக் கூலிதான், வெட்கப்பட ஒண்ணுமில்ல.

புது ஷாக்கை மாட்டுறதுக்கு முன்னாடி நிமித்தி வெச்சு நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுத்து விடுங்க, படுக்கப் போட்டிருந்ததுல உள்ள காத்து புகுந்திருக்கும். மேல் நட்டை இறுக்கும்போது ராடை அலென் கீ வெச்சுப் பிடிச்சுக்கிட்டு கையால இறுக்குங்க, கட்டிங் பிளையர்ல ராடைப் பிடிச்சா கீறல் விழும், அந்தக் கீறல் சீலைக் கிழிக்கும், புது ஷாக் சீக்கிரமே எண்ணெய் கக்கும். ஸ்பிரிங் முனை கீழ் தட்டுல இருக்குற பள்ளத்துல சரியா உக்காந்திருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க.

7. புஷ் போல்ட்டை தளர்த்தி இறுக்கணும், இதைத்தான் யாரும் செய்யுறதில்ல

மூணாவது தடவை நான் கத்துக்கிட்டது இது. லோயர் ஆர்ம், பின்னாடி ட்ரெயிலிங் ஆர்ம் மாதிரி இடங்கள்ல இருக்குற ரப்பர் புஷ் சுத்துறது இல்ல, முறுக்கிக்கிட்டு திரும்புது. போல்ட்டை எந்த நிலைல இறுக்குறோமோ அதுதான் அதுக்கு ஓய்வு நிலை. கார் இறக்கி இருந்தப்ப யாராவது இறுக்கியிருந்தா, ஓய்வு நிலை 40 மில்லிமீட்டர் கீழ. இப்போ நீங்க உயரத்தை ஏத்திட்டீங்க, ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டு பழைய இடத்துக்கே இழுக்குது. ஜாக்கில தொங்கும்போது இறுக்கினா நேர் எதிர் பிரச்சனை, வண்டி தூக்கிட்டு நிக்கும், ரைடு விறைப்பா இருக்கும். ரெண்டு விதத்துலயும் ரப்பர் சீக்கிரம் கிழியும்.

அதனால நீங்க கழட்டாத ஆர்மோட போல்ட்டையும் தளர்த்துங்க, எடுக்க வேண்டாம், தளர்த்தினா போதும். அப்புறம் வண்டி ஸ்டாண்ட்ல இருக்கும்போதே ஆர்முக்கு அடில ஜாக்கி குடுத்து, வீல் மையத்துலேருந்து ஃபெண்டர் வரைக்கும் மேனுவல் அளவு வர்ற வரைக்கும் மெதுவா தூக்குங்க. என் கார்ல முன்னாடி 375. வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பக் கூடாது, அதைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. அந்த நிலைல டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர்) வெச்சு மேனுவல் சொல்ற அளவுக்கு இறுக்குங்க. டிரைவ் ஆன் லிஃப்ட் இருக்குற ஒர்க்‌ஷாப்னா இன்னும் சுலபம், வண்டி தன் கால்லயே நிக்கும்.

ஒர்க்‌ஷாப்ல குடுத்திருந்தா இந்த ஒரு வேலையை மட்டும் பக்கத்துல நின்னு பாருங்க. "அதெல்லாம் தேவையில்ல சார்"னு சொல்வாங்க. தேவை. அரை மணி நேரம் கூட ஆகும், அதுக்குக் கூலி கேட்டா குடுத்துடுங்க. எனக்கு ஷாக் மாத்தினப்ப வந்த வித்தியாசத்துல பாதியாவது இந்த அரை மணி நேரத்துல வந்துச்சு.

8. அலைன்மெண்ட், ஹெட்லைட்

உயரம் மாறினா டோ (மேலேருந்து பார்த்தா வீல் உள்ளயா வெளியயா திரும்பியிருக்குங்கிறது) மாறும், கேம்பர் மாறும். அன்னைக்கே மெதுவா ஓட்டிட்டுப் போய் அலைன்மெண்ட் பண்ணிடுங்க, "ஸ்பிரிங் செட் ஆகட்டும் அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா அதுக்குள்ள டயர் தேய்ஞ்சுடும். ஸ்பிரிங் கொஞ்சம் உக்காரும்ங்கிறதும் உண்மைதான், அதனால ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்னொரு தடவை காட்டுங்க. ரெண்டாவது தடவைக்கு இலவசமா பாத்துத் தருவீங்களான்னு முதல் தடவையே கேளுங்க, சில பேர் தருவாங்க.

ஹெட்லைட்டை மறக்காதீங்க. இறக்கினப்ப லைட்டை மேல தூக்கி வெச்சிருப்பாங்க, இப்போ உயரம் ஏறினதும் எதிர்ல வர்றவர் கண்ணுலதான் அடிக்கும். ஆட்டோ லெவலிங் (லைட் தானா ஏறி இறங்குற வசதி) இருந்தா சஸ்பென்ஷன் ஆர்ம்ல ஒரு சின்ன சென்சார் கம்பி இருக்கும், அதை வளைச்சோ மாத்தியோ வெச்சிருக்காங்களான்னு பாருங்க. முன் கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா இருக்குற புது வண்டின்னா, உயரம் மாறினா காலிப்ரேஷன் வேணுமான்னு மேனுவல்ல பாத்துக்குங்க.

9. டயரும் வீலும்

எல்லாம் மாத்தியும் இன்னும் கடினமா இருந்தா கீழ பாருங்க. இறக்கினவர் வீலையும் பெருசாக்கியிருப்பார். 225/40 ஆர் 18 டயரோட பக்கச் சுவர் 90 மில்லிமீட்டர். 205/55 ஆர் 16 போட்டா கிட்டத்தட்ட 113. வெளி விட்டம் ரெண்டுக்கும் 5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் குழம்பாது. ஆனா பக்கத்துல 23 மில்லிமீட்டர் ரப்பர் கூடக் கிடைக்குது. சின்ன வீல் உங்க பிரேக் காலிப்பருக்கு மேல போகுமான்னு மட்டும் மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க, உங்க மாடலுக்கு கம்பெனியே குடுக்குற சைஸ்னா நல்லது.

பழைய டயரோட உள் ஓரத்தைக் கையால தடவுங்க. இறக்கின கார்ல வெளிய நல்லா இருக்கும், உள்ள கம்பி தெரியும். ரம்பப் பல் மாதிரி தேய்ஞ்சிருந்தா உய்ங்ங்னு ஒரு சத்தம் வரும், நான் அதை வீல் பேரிங்னு நினைச்சு ஒரு பேரிங்கை சும்மா மாத்தினேன். காத்தும் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல சொல்ற அளவுதான், ஆனா அது கம்பெனி சைஸுக்கு எழுதினது.

10. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

100 கிலோமீட்டர்ல எல்லா நட்டையும் ஒரு தடவை பாருங்க, வீல் நட்டையும் சேத்து. 500ல அலைன்மெண்ட். 1000ல மறுபடி நாலு மூலையும் அளங்க, எனக்கு முன்னாடி 372ல வந்து நின்னுச்சு, பின்னாடி 379. இடதுக்கும் வலதுக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா ஸ்பிரிங் சரியா உக்காரலையோ, பார்ட் நம்பர் மாறிடுச்சோன்னு சந்தேகப்படுங்க.

முதல் ரெண்டு நாள் கார் ரொம்ப உயரமா, லேசா சாயுற மாதிரி தோணும், பயந்துடாதீங்க, விறைப்புக்குப் பழகின உடம்பு அது. கழட்டின லோயரிங் ஸ்பிரிங்கோ காயில்ஓவரோ நல்ல நிலைல இருந்தா வித்துடலாம், செலவுல ஒரு பங்கு திரும்ப வரும். வெட்டின ஸ்பிரிங்கை மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க. என்னோடதை ஒருத்தர் கேட்டார், குடுக்கல, நாலையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.